விரிப்பு மடிக்கும் கை

போன வாரம் ஒரு இளம் ஆசிரியை போன் செய்தார். என்னிடம் படித்தவர், இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தின் நடனத் துறையில் வேலை பார்க்கிறார். பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். “மேடம், முதியோர் இல்லத்துல ஒன்றரை வருஷம் உட்கார்ந்து ஒரு பீஸ் பண்ணினேன்ல, அதை எந்தக் கட்டத்துல எழுதறது?” என்று கேட்டார்.

பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டங்கள் அத்துப்படி. ஆய்வும் படைப்பும் ஒன்று, கற்பித்தல் ஒன்று, சமூகப் பணி ஒன்று. முதல் கட்டம்தான் ஆளைத் தூக்கிவிடும். மூன்றாவதை எல்லோரும் வாயாரப் பாராட்டுவார்கள். மதிப்பெண் போடும்போது தாண்டிப் போய்விடுவார்கள். அவருடைய துறையில் மூத்தவர் ஒருவர் “அது சேவைம்மா, மூணாவதுல போடு” என்று சொல்லியிருக்கிறார்.

நானும் 15 வருடம் அப்படித்தான் போட்டேன். அரங்குகளில் ஏறிய படைப்புகள் முதல் கட்டத்தில்; பகல்நேர மையங்களிலும் பள்ளிக்கூட வராந்தாக்களிலும் மருத்துவமனைக் கூடங்களிலும் செய்தவை மூன்றாவதில். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். நடன அமைப்பைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியும் என்றால், அதில் பெரும்பகுதி அந்த மூன்றாவது கட்டத்து இடங்களில் தெரிந்துகொண்டது. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் நடன அமைப்பைப் படித்தது ஸ்டுடியோவில். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, காலுக்கு இதமான மரத்தரை, முன்னால் இருபது வயது உடம்புகள். நான் ஒரு அசைவை ஆடிக் காட்டினால் அடுத்த நொடி அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு எட்டு எண்ணிக்கை, இன்னொரு எட்டு, திரும்பு, தரைக்குப் போ, எழு. என் உடம்பில் பிறந்ததை மற்ற உடம்புகளில் ஏற்றுவதுதான் இந்தத் தொழில் என்று நம்பியிருந்தேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், வயதானவர்கள் பகலில் வந்து போகும் ஒரு மையத்தில் நடனம் சொல்லித் தரக் கூப்பிட்டார்கள். சந்தோஷமாகப் போனேன். என் படைப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தை எடுத்து, குதிப்பதை நீக்கி, சுழல்வதைப் பாதியாக்கி, நாற்காலியில் உட்கார்ந்தே செய்கிற மாதிரி மாற்றினேன். எட்டு வாரம் பயிற்சி. நிகழ்ச்சி அன்று குடும்பங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்று இரவு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். 22 பேருடைய கண்ணும் ஒரே பக்கம் இருந்தது. மேடைக்குக் கீழே நின்று நான் அசைவுகளை நினைவூட்டிக்கொண்டிருந்த பக்கம். ஒருவர்கூடப் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பார்க்கவில்லை. கை மேலே போகும்போது, சரியாகப் போகிறதா என்ற பயம் முகத்தில் தெரிந்தது. எழுபது, எண்பது வருடம் வாழ்ந்த உடம்புகள் அவை. அந்த உடம்புகளுக்குத் தெரிந்தது என்ன என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. எளிமையாக்கினேன் என்று நினைத்துக்கொண்டு, என் நடனத்தின் தேய்ந்த பிரதியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்தக் கைதட்டல் ரொம்ப நாள் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் அதே மையத்துக்குப் போனபோது கையில் ஸ்டெப் எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கொண்டுபோனேன். “வேலை பார்த்த காலத்துல உங்க கை அதிகமா செஞ்ச காரியம் எது?”

பேருந்து ஓட்டியவர் கியர் மாற்றிக் காட்டினார். தட்டச்சு செய்தவர் வரி முடிந்ததும் தள்ளுகிற கையைக் காட்டினார். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் 34 வருடம் வேலை செய்த ஒரு அம்மா மட்டும் எதுவும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டால், “தனியா செய்ய முடியாது, எதிர்ல ஆள் வேணும்” என்றார். என்னுடன் வந்திருந்த இரண்டாமாண்டு மாணவன் எதிரே போய் நின்றான். படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. கையில் துணி கிடையாது.

மாணவன் நல்ல நடனக்காரன். கையை அழகாக விரித்தான், அழகாகச் சேர்த்தான். அந்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டார்.

“தம்பி, துணியைக் காணோமே.”

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. “உன் கை லேசா இருக்குப்பா. விரிப்பு காயவெச்சு வரும்போது சூடா இருக்கும், கனமா இருக்கும். கட்டை விரலும் ரெண்டு விரலும்தான் முனையைப் பிடிக்கும். பிடிச்சதும் ஒரு இழு. நீ இழுத்தா நான் கொடுக்கணும், நான் இழுத்தா நீ கொடுக்கணும். அப்புறம் ஒரு உதறு. அந்த உதறல்லதான் எனக்குத் தெரியும், நீ தயார்னு.” மறுபடி செய்தார்கள். மறுபடி நிறுத்தினார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, இருவருக்கும் நடுவே நிஜமாகவே ஏதோ தொங்குவது போல இருந்தது. அவர் அடியெடுத்து முன்னால் வந்து இரண்டு முனைகளை அவன் கையில் கொடுத்தார். கொடுத்த அதே நொடியில் அவருடைய இடது கை தானாகக் கீழே இறங்கி, இல்லாத மடிப்பின் அடிப்பகுதியைப் பிடித்து மேலே கொண்டுவந்தது. அறையில் யாரும் பேசவில்லை.

“எதிர்ல நிக்கிறவ முகத்தைப் பார்க்கவே வேணாம்” என்றார் பிறகு. “துணியில தெரிஞ்சிரும், அவ இன்னைக்கு எந்த மனசோட வேலைக்கு வந்திருக்கான்னு.”

இரண்டு உடம்புகள் எடையைக் கொடுத்து வாங்கி அசையும் காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் என்ற முறையை 1972இல் அமெரிக்க நடனக்காரர் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிவைத்தார். உலகம் முழுக்க நடனத் துறைகளில் அதைக் கற்றுத் தருகிறோம். எதிராளியின் நிலைமையைக் கண்ணால் அல்லாமல் எடையால் படிக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆகும். சலவைக் கூடத்து அம்மா அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அந்த மடிப்பிலிருந்து 24 நிமிடப் படைப்பு ஒன்று வந்தது. 11 ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு மாணவர், ஒரு மூத்தவர். இங்கே என் வேலை என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் “அவங்களே பண்ணினாங்க, நீங்க சும்மா ஒருங்கிணைச்சீங்க” என்று பலர் நினைக்கிறார்கள். ஜோடிகளுக்கு நடுவே தூரத்தை வைத்தேன். ஆறடியில் தொடங்கி மேடையின் இரு ஓரங்கள் வரை தள்ளிக்கொண்டே போனேன்; அவ்வளவு தூரத்திலும் துணி இருவருக்கும் நடுவே இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரே மடிப்பை 11 ஜோடிகளும் அரை எண்ணிக்கை தள்ளித் தள்ளித் தொடங்கினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். எதைத் திரும்பச் செய்வது, எங்கே வெட்டுவது, எப்போது அமைதியை விடுவது என்பதெல்லாம் நான் எடுத்த முடிவு. அதுதான் நடன அமைப்பு. உதறலை மெதுவாக நீட்டினால் அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். அந்த அம்மா விடவில்லை. “அழகுக்காக மெதுவா உதறினா துணி தரையில விழுந்துரும், மறுபடி துவைக்கணும்” என்றார். சரியாகத்தான் சொன்னார். உதறலை அப்படியே விட்டுவிட்டு, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவதை மெதுவாக்கினேன். அந்தப் படைப்பில் எனக்கு இன்றும் பிடித்த இடம் அதுதான்.

வேலை செய்கிற உடம்பைப் படிப்பது புதிதல்ல. நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களின் அசைவுகளைக் கவனித்து, தொழில் ஆலோசகர் எப். சி. லாரன்ஸுடன் சேர்ந்து 1947இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். எடை, நேரம், வெளி, ஓட்டம் என்று இன்று வகுப்பில் நாம் சொல்லும் நான்கும் அவரிடமிருந்து வந்தவை. அழுத்துவது, முறுக்குவது, தட்டிவிடுவது, வெட்டி வீசுவது, மிதப்பது என்று அவர் பிரித்த எட்டு அடிப்படைச் செயல்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்கள் உண்டு. ஒரு சலவைக் கூடத்தில் அரை மணி நேரம் நின்றால் எட்டில் பாதிக்கு மேல் கண்ணில் படும்.

லாபனைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மாணவர்களிடம் மறைப்பதில்லை. நடனம் படிக்காத சாதாரண மக்களைப் பெருங்கூட்டமாகச் சேர்த்து ஆடவைக்கும் ‘அசைவுக் குழுப்பாடல்’ முறையை வளர்த்தவர் அவர். நாஜி ஆட்சியின் பிரச்சார அமைச்சகத்தின் கீழ் வேலை பார்த்தவரும் அவர்தான். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி ஏறத்தாழ ஆயிரம் பேரை வைத்து அவர் தயாரித்த நிகழ்ச்சியின் ஒத்திகையைப் பார்த்த கோயபல்ஸ் அதற்குத் தடை போட்டார். அதன் பிறகுதான் லாபன் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். மக்கள் சேர்ந்து ஆடினாலே அது நல்லது என்று நம்பி இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. ஆயிரம் பேரை ஒரே மாதிரி அசையவைப்பது பெரிய காரியமில்லை. அதை எந்த ஆட்சிக்கு வேண்டுமானாலும் செய்து கொடுக்கலாம். 22 பேரை என் பக்கம் மட்டுமே பார்க்க வைத்த அந்த முதல் நிகழ்ச்சியும் சிறிய அளவில் அந்த வழியில்தான் போயிருந்தது.

எளிமையாக்குவதைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர் ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பாஷ். 1978இல் தன் குழுவுக்காக உருவாக்கிய ‘கான்டாக்ட்ஹோஃப்’ படைப்பை 2000இல் 65 வயதைத் தாண்டியவர்களை வைத்து மேடையேற்றினார். 2008இல் பதின்வயதுப் பிள்ளைகளை வைத்து மீண்டும் செய்தார். யாருமே தொழில்முறை நடனக்காரர்கள் இல்லை. வயதானவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று இளக்கிக் கொடுக்கவில்லை. அதே படைப்பு. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தேடுவதும் காயப்படுத்துவதும் எழுபது வயது உடம்பில் வேறாகப் பேசுகிறது, பதினைந்து வயது உடம்பில் வேறாகப் பேசுகிறது.

நடனம் பல்கலைக்கழகத்துக்குள் எப்படி வந்தது என்பதை அந்த இளம் ஆசிரியையின் மூத்த சகா யோசித்துப் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926இல் நடனத்துக்கென முதல் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தவர் மார்கரெட் ஹடூப்ளர். உயிரியல் படித்தவர், உடற்கல்வித் துறையில் கூடைப்பந்து பயிற்சி தந்தவர். மேடை நடனக்காரர் அல்ல. வகுப்பில் ஒரு எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு மாணவிகளைத் தரையில் படுக்கச் சொல்வார். ஸ்டெப் காட்ட மாட்டார். எந்த மூட்டு எப்படித் திரும்புகிறது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். மேடைக்கு ஆள் தயார் செய்வது அவர் நோக்கம் இல்லை. உடம்பு இருக்கிற எவரும் ஆடலாம் என்பதுதான் அவர் அடிப்படை. நாம் இன்று படைப்பு, சேவை என்று பிரித்து எழுதுகிறோமே, பல்கலைக்கழக நடனமே இந்தப் பிரிவினை இல்லாத இடத்தில் பிறந்ததுதான்.

வகுப்பறைக்கும் மையத்துக்கும் நடுவே பாலம் போட்டது அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மனின் விமர்சன முறை. 1975இல் தாய் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த காலத்தில் முதியவர்களோடு நடனம் செய்யத் தொடங்கியவர், அடுத்த வருடம் வாஷிங்டனில் டான்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற குழுவை அமைத்தார். அவருடைய முறையில் நான்கு படிகள். பார்த்தவர்கள் முதலில் எது மனதில் நின்றது என்று சொல்வார்கள். பிறகு படைப்பாளி கேள்வி கேட்பார். பிறகு பார்த்தவர்கள் கருத்தைத் திணிக்காத கேள்வி கேட்பார்கள். கடைசியில், படைப்பாளி அனுமதித்தால் மட்டும் கருத்து. மாணவர்களின் தனி நடன மதிப்பீட்டுக்கு மையத்து ஆட்களையும் அழைத்து உட்காரவைக்க ஆரம்பித்தேன். ஒரு மாணவியின் நடனத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஓட்டுநர் கேட்டார்: “எப்பவும் இடது பக்கமே திரும்புறியே கண்ணு, அங்க யாராவது இருக்காங்களா?” இடது பக்கம் திரும்புகிறோம் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. வகுப்பில் இருந்த எங்கள் யாருக்கும்தான். அடுத்த மூன்று வாரம் அந்த இடது பக்கத்தை வைத்துத்தான் அவள் நடனத்தைத் திரும்பக் கட்டினாள்.

சமூகக் கலையைத் தரம் பார்த்து விமர்சிக்கவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1994இல் அமெரிக்க நடன அமைப்பாளர் பில் டி. ஜோன்ஸ், உயிருக்கு ஆபத்தான நோயோடு வாழ்பவர்களைப் பல நகரங்களில் பட்டறைகளில் சந்தித்து, அவர்களுடைய சொற்களிலிருந்தும் அசைவுகளிலிருந்தும் ‘ஸ்டில்/ஹியர்’ என்ற படைப்பைச் செய்தார். தி நியூயார்க்கர் இதழின் நடன விமர்சகர் ஆர்லின் குரோச் அதைப் பார்க்கவே போகவில்லை. போகாததற்கான காரணத்தைக் கட்டுரையாக எழுதினார். துன்பத்தை மேடையில் வைத்துவிட்டால் விமர்சகன் என்ன சொல்ல முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். பார்க்காமல் எழுதியதை நான் ஏற்கவே மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என் மேசை மேல் எப்போதும் இருக்கிறது. இரக்கத்தால் தட்டுகிற கை, ஆடியவர்களை ஆடியவர்களாகப் பார்ப்பதில்லை. என் முதல் நிகழ்ச்சிக்குக் கிடைத்தது அந்தக் கைதட்டல்தான்.

நடனத்தின் மருத்துவப் பலன்களைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்க் மாரிஸ் நடனக் குழு 2001இல் நியூயார்க்கின் புரூக்ளினில், உடம்பின் அசைவைப் பாதிக்கும் பார்கின்சன் நோய் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய வகுப்புகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. வாசல்படியில் கால் உறைந்து நின்றுபோன ஒருவர், பக்கத்தில் தாளம் தட்டி எண்ணியதும் காலைத் தூக்கி வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து வரும் தாளம் உள்ளே தடைபட்ட நடைக்குக் கைகொடுக்கிறது. நோய் அதனால் போய்விடாது. 2003இல் வெளியான ஒரு ஆய்வு, 75 வயதைத் தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்து, நடனமாடியவர்களுக்கு மறதிநோய் வரும் அபாயம் குறைவாக இருந்ததாகச் சொன்னது. நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் எல்லாம் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நடனம் தடுத்ததா, தெம்பாக இருந்தவர்களே ஆடப் போனார்களா என்பதை அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மாத்திரை மாதிரி நடனத்தை விற்க வேண்டியதில்லை.

சொல்லக் கஷ்டமான ஒன்று பாக்கி இருக்கிறது. விரிப்புப் படைப்பு முடிந்து, நிதியும் முடிந்து, அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். எட்டு மாதம் அந்த மையத்துப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் மருந்துக் கடையில் பேருந்து ஓட்டுநரைப் பார்த்தேன். நலம் விசாரித்தார், என் பிள்ளைகளைக் கேட்டார். கிளம்பும்போது, குறையாகச் சொல்கிற குரலே இல்லாமல் சொன்னார்: “நிகழ்ச்சி முடிஞ்ச பிறகும் மூணு வியாழக்கிழமை நாற்காலியை வட்டமா போட்டு வச்சிருந்தோம்மா. வருவீங்கன்னு நினைச்சோம்.”

வர மாட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்கு அது ஒரு திட்டம், முடிவுத் தேதி ஒப்பந்தத்தில் இருந்தது. அவர்களுக்கு அது வியாழக்கிழமை.

அமெரிக்க நடனக்காரர் கேத்தரின் டன்ஹாம் ஏன் பெரிய ஆள் என்று எனக்குப் புரிந்தது அதற்குப் பிறகுதான். மானுடவியல் படித்தவர், 1930களில் கரீபியத் தீவுகளுக்குப் போய் நடனங்களை ஆய்வு செய்தவர், தன் குழுவோடு உலகம் சுற்றியவர். 1967இல் வறுமையும் வன்முறையும் சூழ்ந்த அமெரிக்காவின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரில், சதர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஒரு கலைப் பயிற்சி மையம் தொடங்கினார். அந்த ஊரிலேயே வீடு வைத்துக்கொண்டார். 1992இல், 82 வயதில், ஹெய்ட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்புவதை எதிர்த்து 47 நாள் உண்ணாவிரதம் இருந்ததும் அந்த ஊரிலிருந்துதான். எல்லோராலும் அப்படித் தங்கிவிட முடியாது. எனக்கும் முடியவில்லை. ஆனால் வந்து போகிறவர், போகப்போகிறேன் என்று முதல் நாளே சொல்லலாம். போவதற்குள் வகுப்பை நடத்த அங்கேயே இரண்டு பேரைத் தயார் செய்யலாம். அந்த மையத்துக்குத் திரும்பப் போய் நான் செய்த முதல் வேலை அதுதான். தட்டச்சு அம்மாவும் ஓட்டுநரும் ஆறு மாதம் என்னோடு சேர்ந்து வகுப்பு எடுத்தார்கள், பிறகு அவர்களே எடுத்தார்கள். நான் இல்லாத வியாழக்கிழமைகள் நன்றாகவே நடந்தன.

இளம் ஆசிரியையிடம் போனில் சொன்னது இதுதான். முதல் கட்டத்தில் எழுது. கூடவே ஒத்திகைக் குறிப்பேட்டைச் சேர். ஒரே அசைவு மூன்றாவது வாரம் எப்படி இருந்தது, முப்பதாவது வாரம் எப்படி இருந்தது என்று இரண்டு வீடியோத் துண்டுகளை வை. நீ எடுத்த முடிவுகளை எழுது, மற்றவர்கள் தடுத்த முடிவுகளையும் எழுது. நிகழ்ச்சித் தாளை இணைத்துக்கொள், அதில் ‘உருவாக்கியவர்கள்’ என்ற இடத்தில் எல்லோர் பெயரும் இருக்கட்டும்.

“36 பேர் மேடம். தேர்வுக் குழு ஒத்துக்குமா?”

“பேரைப் போடும்மா. ஒத்துக்கலைன்னா என்னைக் கூப்பிடச் சொல்லு.”

சலவைக் கூடத்து அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. முதலாண்டு நடன அமைப்பு வகுப்பில் முதல் வாரம் விரிப்பு மடிப்பதைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். இரண்டிரண்டு பேராக நிற்பார்கள், கையில் துணி இருக்காது. அழகாகக் கையை வீசும் ஒருவர் எல்லா வருடமும் இருப்பார். இந்த வருடம் நான் வாய் திறப்பதற்கு முன்பே, உதவிக்கு வந்திருந்த மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி குறுக்கே போய் நின்றாள். அந்த அம்மாவை அவள் பார்த்ததே இல்லை.

“தம்பி, துணியைக் காணோமே” என்றாள்.